ஒரு டின் தவிட்டுக்கு வாங்கிய பேராசிரியர்

ஒருவர் உலகப் புகழ் பெற வேண்டுமானால் அவர் ஒழுகும் கூரையின் கீழ்ப் பிறந்திருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். புகழ் வந்த பிறகு அந்தக் கூரையைத் தேடிக்கொண்டு ஊரார் கிளம்ப வேண்டும் என்பது அதன் துணைச் சட்டம். கூரை ஒழுகாமல் உறுதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி சொல்லப்படவில்லை. அந்தக் குறையை மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கு அப்பால் எண்ணெய்ப் பனையான செம்பனைக்குள் ஒளிந்து கிடக்கும் ஆயர் பெலாலாங் தோட்டத்தார் சென்ற ஆண்டு தீர்த்துவைத்தார்கள். அதற்காகப் பெருந்தியாகம் செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜெயமணியின் குசினி.

ஜெயமணி அந்த வீட்டில்தான் பிறந்தார். அவருடைய அப்பா காளிமுத்து தோட்டத்து லோரி ஓட்டியவர். ஆகவே தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தின் ஒரே வானொலிப் பெட்டியும், கோயிலுக்கு அடித்து மிஞ்சிய ரோஸ் நிறச் சாயமும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஜெயமணி அம்மாவுடன் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, விடியலில் வரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி, செங் பகுதியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வானொலிகளுக்குப் பொத்தான் மாட்டினார். வசந்தனைக் கல்யாணம் செய்துகொண்டார். வசந்தன் நல்ல மனிதர், சீக்கிரம் போய்விட்டார். மகள் ஜோகூரில் வாழ்க்கைப்பட்டாள். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த சேமநிதியை என்ன செய்யலாம் என்று ஊரே ஆலோசனை சொன்னது. நகை வாங்கு, நிலம் வாங்கு, காசி போய் வா என்றார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஜெயமணி, மொத்தத்தையும் குசினியில் கொட்டினார்.

அந்தக் குசினியைப் பற்றிச் சரித்திரம் இரண்டு வார்த்தையாவது சொல்லாமல் போகக் கூடாது. சுவர் முழுக்க நீல டைல்ஸ்; ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு திராட்சைக் கொத்து. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும்படியான சிங்க். நாலு அடுப்பு. ஆள் உயர ஐஸ் பெட்டி. மாவு உருட்டுவதற்கென்றே ஒரு கல்மேடை. வெள்ளிக்கிழமை தோறும் ஜாசின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில், கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த ஜெயமணியின் கறிபாப்புக்கு மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று மூவினமும் வரிசையில் நின்றன. நாட்டு ஒற்றுமைக்காக மாநாடு போடுகிறவர்கள் அந்த வரிசையை வந்து பார்த்திருக்கலாம்.

இப்படி எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்த வேளையில்தான் பேராசிரியர் பவானேஸ்வரி புகழடைந்தார்.

பவானேஸ்வரி அதே லயத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கெடாவுக்குப் போய், அங்கிருந்து படிப்பைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவுக்கே போய்விட்டவர். கொசு ஆராய்ச்சி. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கொசு ஏன் ஒருவரை மட்டும் தேடி வந்து கடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதற்காக ஒரு பெரிய பரிசும் வாங்கினார். மேடையில் பேசும்போது, புகை மண்டிய ஒரு சின்ன வீட்டில் கொசுக்களே தம் முதல் தோழிகளாக இருந்தன என்று சொன்னார். அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றி ஆயர் பெலாலாங் வந்து சேர்ந்தது. காலம் காலமாகக் கொசுவை அடித்தே பழகிய ஊர், அதைப் படித்து ஒருத்தி பெரிய ஆளானதை அறிந்து திகைத்தது. அன்று மாலை கொசு கடித்தபோது சிலர் கொஞ்சம் மரியாதையோடு சொறிந்துகொண்டார்கள்.

உடனே நினைவு இல்லக் குழு அமைந்தது. தலைவர் சபாரத்தினம், புக்கிட் பெருவாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், நில அளவைத் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எந்த ஊரில் எந்தக் குழு அமைந்தாலும் அதற்குத் தலைவராகும் வரம் வாங்கி வந்தவர். செயலாளர் தனபாலன்; தோட்டத்துக் கோயில் தலைவர், இரண்டு லோரிக்குச் சொந்தக்காரர். தோட்டம் கைமாறியபோது அந்தக் கடைசி லயத்தைப் புதிய நிர்வாகம் கோயிலின் பொறுப்பில் விட்டிருந்தது. ஆக, யார் எந்த வீட்டில் இருப்பது என்பதில் அம்மனுக்கு அடுத்தபடி தனபாலன்தான்.

முறையாகப் பார்த்தால் பவானேஸ்வரி பிறந்தது நாலாம் நம்பர் வீடு. அங்கே இப்போது இருப்பவர் அவருடைய பெரியப்பா மகன் சின்னத்தம்பி. அவர் அந்தக் காணொளி வந்த அன்றே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் குழுக் கூட்டத்தில் தனபாலன், ஏதோ பேச்சுவாக்கில், பழைய கதை ஒன்றைச் சொன்னார். பவானேஸ்வரிக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவது பிறந்ததும், எமன் கண்ணில் படாதிருக்க, வழக்கப்படி பிள்ளையை விற்றுவிட்டார்கள். ஒன்பதாம் வீட்டுக் காளிமுத்து ஒரு பால் டின் நிறையத் தவிடு அளந்து கொடுத்து வாங்கினார்; யாரும் பொறாமைப்படாதபடி குப்பு என்று பெயர் வைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இருந்தது, தின்றது, தூங்கியது எல்லாம் ஒன்பதாம் வீட்டில், ஜெயமணியோடு ஒரே பாயில்.

சபாரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒரு டின் தவிட்டுக்கு ஒரு பேராசிரியர்," என்றார் தழுதழுத்து. "உலகத்தில எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த விலைக்குக் கிடைச்சதில்லை. விலை குடுத்து வாங்கின வீடுதான் வீடு. ஒன்பதாம் நம்பர். தீர்மானம் எழுதும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஊரார் ஒய்பி என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரும் மகிழ்ந்து வாக்குக் கொடுத்தார்: பேராசிரியர் வருகிற அன்று, இதுதான் என் வீடு என்று தம் வாயால் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே வீடு நினைவு இல்லமாக அறிவிக்கப்படும். ஜெயமணிக்குச் செங்கில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட்.

இந்த நற்செய்தியைத் தனபாலன் நேரில் வந்து சொன்னார். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்றார். ஜெயமணி மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்த ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"குசினியா தம்பி அது? மாவு உள்ள இருந்தா நான் வெளிய நிக்கணும். நான் உள்ள இருந்தா எண்ணெ வெளிய நிக்கணும்."

"என்னாக்கா இப்படிச் சொல்றீங்க. உங்க வீட்டுக்கு ஒய்பி போர்டு வைக்கிறாரு லா. யாருக்குக் கெடைக்கும்?"

"போர்டு வெச்சா கறிபாப் வெந்துருமா?"

தனபாலன் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். பெருமை தாங்க முடியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று குழுவில் தெரிவித்தார். ஜெயமணி கோயில் வாசலில் முறையிட்டார், பத்துப் பேரிடம் சொன்னார், மகளுக்குப் போன் செய்து அழுதார். எல்லாரும் வாழ்த்தினார்கள்.

பிறகு வீட்டை ஏழையாக்கும் பணி தொடங்கியது. பேராசிரியர் புகை மண்டிய வீடு என்று சொல்லியிருக்க, இங்கே திராட்சைக் கொத்து மின்னிக்கொண்டிருந்தால் உலகம் என்ன நினைக்கும்? நீல டைல்ஸ் மேல் கோணிச் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். ஆணி இறங்கிய ஒவ்வொரு முறையும் ஜெயமணிக்குத் தம் பல்லில் இறங்கியது போலிருந்தது. நாலு அடுப்பை மூடி, மேலே மூன்று கல் வைத்து விறகை அடுக்கினார்கள். சிங்க்குக்குள் ஒரு மண்பானை. ரோஸ் நிறச் சுவருக்குத் தேங்காய் மட்டையை எரித்துக் கரி பூசினார்கள். எங்கப்பா காலத்திலிருந்தே இந்த வீடு ரோஸ்தான் என்று ஜெயமணி எடுத்துச் சொன்னார்.

"பிள்ளை, உம்மட ஞாபகம் ரோஸாய் இருக்கலாம்," என்றார் சபாரத்தினம் கனிவோடு. "சரித்திரம் கறுப்பு."

ஐஸ் பெட்டிக்கும் சோபாவுக்கும் அடைக்கலம் தேடியபோது சின்னத்தம்பி வீட்டில்தான் இடம் இருந்தது. பெத்த வயிறு எங்க வீட்டு வயிறு, போர்டு மட்டும் அங்கேயா என்று கொதித்துக்கொண்டிருந்த சின்னத்தம்பி முதலில் முடியாது என்றார். பெட்டிக்குள் இறைச்சிப் பிரட்டல் இருப்பது தெரிந்ததும் பெருந்தன்மையாக இடம் கொடுத்தார். பேராசிரியரைக் கொசு கடித்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் குழு ஆள் பிடித்து லயம் முழுக்கப் புகையும் அடித்தது. வாழ்நாளெல்லாம் கொசுவுக்காக வாழ்ந்தவர் வரும் நாளில், வரவேற்க ஒரு கொசு மிச்சமில்லை.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், ஜெயமணி கொல்லைப் பக்கம் ஒற்றை அடுப்பு வைத்துக் கறிபாப் சுட்டுக்கொண்டிருந்தார். நினைவு இல்லம் வந்தாலும் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை வராமல் இருக்காது; ஒற்றை அடுப்பு தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்போது சின்னத்தம்பி வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்காமலேயே ஒன்றை எடுத்து ஊதினார். பிறகு தம் செத்துப்போன சித்தப்பாவை, பவானேஸ்வரியின் அப்பாவை, திட்டத் தொடங்கினார். வித்தாரே மனுஷன், திருப்பி வாங்கினாரா? கல்யாணத்துக்கு முன்னால் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருக்க வேண்டாமா? கெடாவுக்குப் போன அவசரத்தில் மறந்தார். அவள் வெள்ளைக்கார ஊரில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தவிட்டை யார் நினைத்தார்கள்?

"வாங்கியிருந்தா இன்னிக்கு என் வீட்டுலதான் பந்தலு," என்று முடித்தார்.

ஜெயமணியின் கரண்டி எண்ணெய்க்கு மேல் நின்றது.

"ஏண்ணே, இப்ப வாங்குனா?"

"இப்ப வாங்குனாலும் வாங்குனதுதான். அப்புறம் அவ எங்க வீட்டுப் பொண்ணு. உன் வீட்டுக்குப் பாத்தியதை கெடையாது."

ஜெயமணி எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். இன்னொரு கறிபாப்பை எடுத்து, சின்னத்தம்பியின் கையில், அது தாம்பூலமோ என்னும்படி வைத்தார்.

"அப்ப போய் தவிடு வாங்கியாங்கண்ணே. எங்க பக்கம் வாங்கக் கூடாது. பங்காளி நீங்கதான் வாங்கணும்."

சின்னத்தம்பியின் மூளையில் இது இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் மோட்டோவை முறுக்கிக்கொண்டு பறந்தார். ஆனால் மலாக்கா மாநிலம் முன்னேறிய மாநிலம். மளிகைக் கடையில் தவிடு என்றதும் கடைக்காரப் பையன் அது எந்தக் கம்பெனி ஷாம்பு என்று கேட்டான். ஆட்டுத் தீவனக் கடையில் செம்பனைப் புண்ணாக்கு இருந்தது. ஜாசின் செல்லப்பிராணிக் கடையில் முயலுக்கு ஏதோ உருண்டை கொடுத்தார்கள். மீனவர் ஊரான செர்காம் வரை போய் மீன் நாற்றத்தோடு திரும்பி வந்தவரிடம் கடைசியில் இருந்தது ஒரு பை கோழித்தீவனம். ஜெயமணி அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவசரத்துக்குச் செய்தால், பின்னால் ஒருவன் செல்லாது என்று கிளப்புவான்; அப்புறம் நீல டைல்ஸ் கோணிக்குப் பின்னாலேயே சமாதி. சின்னத்தம்பி அந்தப் பையைத் தம் வாசலிலேயே போட்டுவிட்டு, கோழிகளோடு சேர்ந்து கவலைப்பட்டார்.

மறுநாள் காலை நாதஸ்வரத்தோடு விழா. சட்டமன்ற உறுப்பினர் மைக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். மூடுதிரைக்குள் கல்வெட்டு தயார். எழுத்து மட்டும் இன்னும் வெட்டவில்லை, பேராசிரியர் சொல்லட்டும் என்று வைத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்து ஊர் ஏமாந்தது. ஓட்டப் பந்தயச் சப்பாத்தும் தோளில் துணிப்பையுமாகக் குள்ளமாய் ஓர் அம்மாள். மாலையை வாங்கிய வேகத்தில் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு, "ஜெயமணியக்கா எங்க?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். ஐரோப்பாவில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் அவர் தமிழ் அப்படியே பழைய தோட்டத்துத் தமிழாக இருந்தது, புழங்காததால் கெடவில்லை.

ஜெயமணியைக் கட்டிக்கொண்டு குதித்தவர், நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார்.

"என்னக்கா, வீடு தீப்புடிச்சிருச்சா?"

சபாரத்தினம் இருமினார். கூட்டத்தில் பின்வரிசை சிரித்தது. தனபாலன் சட்டென்று பேராசிரியரை மைக் பக்கம் திருப்பினார். இதோ ஒரே வார்த்தை, அம்மா, இதுதானே நீங்கள் வளர்ந்த வீடு? சட்டமன்ற உறுப்பினர் எழுந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார். பேராசிரியர், ஆமாம் என்று சொல்வதற்கு முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார்.

ஃபேக்டரி வரிசையில் எத்தனையோ ஆண்டு நின்றும் சூப்பர்வைசரிடம் குரல் உயர்த்தாத ஜெயமணி அப்போது மைக்கைப் பிடுங்கினார்.

"குப்பு, பேச்சு அப்புறம். உன்னை எங்கப்பா தவிடு குடுத்து வாங்குனாரு. இன்னும் உங்க பக்கம் திருப்பல. வெச்சிட்டுப் பேசு."

மைக்கில் விழுந்ததால் இது செம்பனைக் காடு முழுக்கக் கேட்டது. உலகப் புகழ் பெற்ற ஒரு பேராசிரியரிடம் கூட்டத்தின் நடுவில் தவிடு கேட்ட முதல் பெண்மணி ஜெயமணியாகத்தான் இருக்க வேண்டும். தனபாலன் மைக்குக்குக் கை நீட்டினார், ஜெயமணி கொடுக்கவில்லை. சின்னத்தம்பி முன்னால் பாய்ந்து, நியாயம்தானே, திருப்பினால் பொண்ணு எங்க வீட்டுக்கு என்று வழக்கை எடுத்துரைத்தார். பேராசிரியர் ஜெயமணியின் முகத்தைப் பார்த்தார். கரி பூசிய சுவரைப் பார்த்தார். கதவு வழியே தெரிந்த கோணிச் சாக்கின் ஓரத்தில் ஒரு திராட்சைக் கொத்து எட்டிப்பார்ப்பதையும் பார்த்தார். கொசுவுக்கே மனசு என்ன என்று கண்டுபிடித்தவருக்கு மனுஷி மனசு புரிய எத்தனை நேரம் ஆகும்? துணிப்பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒரு டப்பா வந்தது.

"டாக்டர் காலையில இதான் திங்கச் சொல்றாரு," என்றார். "தவிடு."

லயமே அசந்து நின்றது. எந்த ஏழ்மைக்காக ஒரு வாரம் சுவருக்குக் கரி பூசினார்களோ, அந்த ஏழ்மைத் தவிடு ஐரோப்பாவில் டப்பாவில் அடைத்துப் பணக்காரர் தின்னும் பண்டமாகத் திரும்பி வந்திருந்தது. தனபாலனுக்கு மட்டும் ஐயம்: அது ஓட்ஸ் தவிடு, அன்று கொடுத்தது அரிசித் தவிடு, செல்லுமா? எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்குரிய கேள்வி ஒன்று தம்மிடம் வந்ததில் சபாரத்தினம் உலகையே மறந்துவிட்டார்.

"தவிடு தவிடுதான்," என்று தீர்ப்பளித்தார். "எந்தத் தானியம் எண்டு ஒப்பந்தத்தில இல்லை. செல்லும்."

பால் டின் வந்தது. பேராசிரியர் தலை தட்டி அளந்தார். ஜெயமணி முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டார். சின்னத்தம்பி தங்கையின் கையைப் பிடித்தார். இழுத்து வைத்திருந்த மூச்சை இனியும் தாங்க முடியாத நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குரியதை எடுத்து ஊதிவிட்டார். ஊர்வலம் ஒன்பதிலிருந்து நாலுக்குக் கிளம்பியது. பின்னாலேயே மைக், மைக்கின் பின்னாலேயே சட்டமன்ற உறுப்பினர், அவர் பின்னாலேயே கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு இருவர். நாலாம் வீட்டு வாசலில் பேராசிரியர் ஒரே வார்த்தையில் சொன்னார்: நான் பிறந்த வீடு இதுதான். கைதட்டல் அடங்குமுன் அறிவிப்பும் முடிந்தது. சின்னத்தம்பி அழுதுவிட்டார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, சபாரத்தினம் அவர் வீட்டுக்குள் நின்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். சென்ற தீபாவளிக்கு மாட்டிய ஏர்கோனைக் காட்டி இது அந்தக் காலத்தில் இராது என்றார். கரோக்கே பெட்டியைக் காட்டி, இது எந்தக் காலத்திலும் இருந்திருக்கக் கூடாது என்றார். தனபாலன் சின்னத்தம்பியின் தோளில் கை போட்டு, செங்கில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது, மூன்றாவது மாடி, காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்று ஆரம்பித்தார். சின்னத்தம்பி கூட்டத்தைத் தாண்டி ஜெயமணியைத் தேடினார். ஜெயமணி அந்நேரம் வேறு வேலையில் இருந்தார். தனபாலனின் லோரிக்காரர் இருவரைப் பிடித்து, நினைவு இல்லத்தின் சொத்தாகிவிடுமுன் தம் ஐஸ் பெட்டியைக் கொல்லைப்புறமாக வெளியேற்றிக்கொண்டிருந்தார். அதில் இறைச்சிப் பிரட்டல் மட்டும் குறைந்திருந்தது.

மாலையில் மரியாதைகளிலிருந்து தப்பி வந்த பேராசிரியர் ஒன்பதாம் வீட்டுப் படியில் வந்து நின்றார். உள்ளே கோணியெல்லாம் கீழே கிடந்தது. நீலம் சுவரெங்கும் மீண்டிருந்தது, ஆணித் துளைகளோடு. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை உள்ளே வைக்காமல் தயங்கினார்.

"தவிட்டைத் திருப்பிட்டேன். இனிமே நான் விருந்தாளியாக்கா?"

ஜெயமணி யோசித்தார். சட்டப்படி அப்படித்தான். விருந்தாளி என்றால் சோபாவில் உட்கார வைத்து கலர் தண்ணி கொடுக்க வேண்டும். சோபா இன்னும் சின்னத்தம்பி வீட்டில் நினைவுப் பொருளாகக் கிடந்தது.

"விருந்தாளிக்கெல்லாம் இங்க எடம் இல்ல. கையக் கழுவிட்டு வா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

உலகம் மதிக்கும் அந்த விரல்களுக்குக் கறிபாப்பின் ஓரம் மடிக்கத் தெரியவில்லை. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் அவர் மடித்தவை வாய் பிளந்துகொண்டே நின்றன. மறுநாள் ஜாசினில் ஜெயமணி அவற்றையும் மற்றவற்றோடு கலந்து விற்றார்; யார் செய்தது என்று வாய் திறக்கவில்லை. வரிசையில் இரண்டு பேர், இந்த வாரம் ஓரம் சரியில்லையே ஆயா என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். புது ஆள், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஜெயமணி பதில் சொன்னார்.